தொண்டை மாமாவின் மூச்சு

என் அப்பா போன வருடம்வரை ஐம்பத்தேழு பேய்ப் படங்களில் நடித்திருக்கிறார். கணக்கு என்னுடையது, ஒன்றிரண்டு விட்டுப்போயிருக்கலாம். பதினெட்டு படங்களில் மந்திரவாதி, பதினொன்றில் பிணவறைக் காவலாளி, ஆறில் செத்தும் சாகாத பங்களா முதலாளி, மீதியில் பெயர் இல்லாத ஏதோ ஒன்று. ஆனால் ஒரு படத்தில்கூட அவர் பேசியதில்லை. வாய் அவருடையது. குரல் தொண்டை மாமாவுடையது.

தொண்டை மாமா எங்களுக்குச் சொந்தம் இல்லை. டப்பிங் பேசுகிறவர். பள்ளிக்கூடம் போகிற வயதில் நான் வைத்த பெயர் அது, அப்படியே நின்றுவிட்டது. ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி, சட்டைப்பையில் இரண்டு பேனா. பார்க்கிறவர்கள் தபால் ஆபீசில் முத்திரை குத்துகிறவர் என்றுதான் நினைப்பார்கள். வாயைத் திறந்தால் ஆழமான கிணற்றுக்குள் பாறை உருளும். அப்பா நேர்மாறு. ஆறடி உயரம், உதட்டை மீறி நிற்கும் இரண்டு பற்கள், ஒன்றை மட்டும் தனியாகத் தூக்கக்கூடிய புருவம். குரல் மட்டும் அடைத்துக்கொண்ட விசில். முதல் படத்தில் அவர் சொந்தமாகப் பேசியதைக் கேட்டு இயக்குநர் நாற்காலியோடு சரிந்து சிரித்தாராம். அன்று மாலையே மாமாவை வரச் சொல்லிவிட்டார்கள்.

அப்பாவுக்கு இந்த இருபத்திரண்டு வருடங்களாக ஒரே வயிற்றெரிச்சல். பணத்துக்காக இல்லை. பயத்துக்காக.

கடைத்தெருவுக்குப் போனால் ஜனங்கள் அப்பாவைச் சூழ்ந்துகொள்வார்கள். யாரும் பயப்பட மாட்டார்கள். தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள். "பல்லு சார், ஒரு தடவ முறைங்க" என்பார்கள். ஒரு முறை ஒரு கைக்குழந்தை அவருடைய முன்பல்லைப் பிடித்து இழுத்துப் பார்த்துச் சிரித்தது. அதே மாதம்தான் மாமா பேருந்தில் ஒரு சிறுமியிடம், "கொஞ்சம் தள்ளி உக்காரு கண்ணு" என்றாராம். அந்தப் பெண் வீறிட்டு அழுது, அடுத்த நிறுத்தத்தில் அம்மாவோடு இறங்கிப் போய்விட்டது. மாமா இதை வருத்தமாகத்தான் சொன்னார். அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

"பாத்தியா, 'தள்ளி உக்காரு'ன்னுதான் சொல்லியிருக்கான்" என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். "வசனம்கூட இல்ல. நான் மூணு மணி நேரம் மேக்கப் போட்டு, கண்ணுல லென்ஸ் வெச்சு, கயித்துல தொங்குறேன்."

அம்மா பாத்திரத்தைத் துடைத்தபடியே சொன்னாள். "எனக்கு சக்களத்தின்னு ஒருத்தி வந்திருந்தாக்கூட தலைமுடியப் புடிச்சு சண்ட போட்டிருப்பேன். அந்த மனுஷன என்னன்னு போய்ப் புடிக்கிறது? தலைல முடியும் இல்ல."

மாமாவை நேரில் பார்த்தால் அப்பா 'தம்பி' என்பார். முதுகுக்குப் பின்னால் 'அவன்'. மாமா எப்போதும் 'அண்ணே'தான். மாமாவுக்கும் எரிச்சல் உண்டு. ஒரு நாள் தேநீர்க் கடையில் என்னிடம் சொன்னார். "உங்க அப்பாவ வரிசைல நிக்க விடமாட்டாங்க பாப்பா, முன்னாடி அனுப்பிடுவாங்க. நான் வாயத் தொறந்தா திரும்பிப் பாப்பாங்க. யார? என்னை இல்ல. பின்னாடி உங்க அப்பா நிக்கிறாரான்னு தேடுவாங்க."

இவர்கள் இருவரின் பொறாமையையும் எழுதிவிட்டேன். என்னுடையதையும் எழுத வேண்டும். அது சின்னது. சொன்னால் சிரிப்பார்கள் என்று தோன்றுகிறது.

சிறு வயதில் எனக்கு இருட்டு என்றால் பயம். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியிலிருந்து மாமாவின் குரல் சுவரைத் தாண்டி வரும். அப்போது அப்பா அறைவாசலில் சுவிட்ச் பக்கத்தில் வந்து நிற்பார். "விளக்க அணைச்சிட்டுப் படும்மா. நான் இங்கதான் இருக்கேன்" என்பார், அந்த மெல்லிய விசில் குரலில். வாசலை ஒட்டிய கட்டிலிலிருந்தே கை நீட்டி நான் அணைப்பேன். நான் தூங்கும்வரை அங்கேயே நிற்பார். அவருடைய முகம் ஊருக்கெல்லாம் சொந்தம். அவருடைய ஞாபகத்தில் பாதி மாமாவுக்குச் சொந்தம். அந்த ஒரு வரி மட்டும் என்னுடையது.

மற்றபடி நான் எங்கே இருக்கிறேன் என்பதே அவருக்குப் பெரும்பாலும் தெரியாது. பகலில் ஒரு டப்பிங் தியேட்டரில் வேலை பார்க்கிறேன். படத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்துத் திரையில் ஓட்டுவார்கள். ஒரு துண்டுக்கு லூப் என்று பெயர், அதை ஒரு முறை பேசிப் பதிந்தால் ஒரு டேக். எந்த லூப், எத்தனையாவது டேக், எது சரி, எது சரியில்லை என்று குறிப்பெழுதுவது என் வேலை. வாரத்தில் மூன்று நாள் மாலையில் ஒலித்தொகுப்பு வகுப்புக்குப் போகிறேன். ஒன்றரை வருடம் ஆகிறது. போன மாதம்கூட அப்பா கேட்டார்: "தட்டச்சு கிளாஸ் எப்படிம்மா போகுது?" ஆனால் மாமாவுக்கு எந்தப் பல் ஆடுகிறது, எந்தக் காலத்தில் சளி பிடிக்கும், எந்த எழுத்தில் குரல் கரகரக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

இந்த வருடம் ஒரு புதிய இயக்குநர் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. அப்பாவுக்கு விடுதிக் காப்பாளர் வேடம். ஒட்டுமுடி இல்லை, லென்ஸ் இல்லை, கயிறு இல்லை. இஸ்திரி போட்ட சட்டையும் சாவிக்கொத்தும்தான். விடுதியில் இருக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் காணாமல் போவார்கள். அப்பா கதையைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"தம்பி, இதுல நானே பேசுறேன்."

இயக்குநர் யோசித்தார். "பேசுங்க சார். டப்பிங்ல ஒரு நாள் முழுக்க உங்களுக்கே தர்றேன். சரியா வந்தா உங்க குரல்தான். வரலன்னா அவரக் கூப்பிட்டுடுவேன், நீங்க கோவிச்சுக்கக் கூடாது."

அப்பா அன்றிலிருந்து வெந்நீர் ஃப்ளாஸ்கைக் கையிலிருந்து இறக்கவில்லை. அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. இந்தப் படம் போனால் இன்னொருவர் இப்படி ஒரு நாளைத் தரப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும். டப்பிங் எங்கள் தியேட்டரிலேயே என்று முடிவானது. அப்பா என்னிடம் முதலில் கேட்டது: "அவனுக்கு விஷயம் தெரியுமா?"

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா, மைக், திரை. இந்தப் பக்கம் இயக்குநர், ரெக்கார்டிங் அண்ணன், என் குறிப்பேடு. முதல் லூப் ஐந்தே வார்த்தை. ஏழு டேக். இரண்டாவது, பதினொன்று. மூன்றாவது லூப்பில் பதினாறு டேக் எடுத்தும் ஒட்டவில்லை. பகல் உணவு வரைக்கும் மொத்தம் முப்பத்து நான்கு டேக். 'சரி' என்று நான் எழுதியது பூஜ்யம்.

குரல் அவ்வளவு மோசமில்லை. நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது. பயமுறுத்தாது, ஆனால் சிரிப்பும் வராது. ஒட்டவில்லை என்பதுதான் பிரச்சினை. அப்பா பேசி முடித்தபிறகும் திரையில் அப்பாவின் வாய் அசைந்துகொண்டிருக்கும். வேகத்தைக் குறைத்தால் நடுவில் முந்திக்கொள்ளும்.

"என் வாய்தானேம்மா அது" என்றார் அப்பா மைக்கில். "எனக்கே எட்ட மாட்டேங்குது."

ரெக்கார்டிங் அண்ணன் மெல்லச் சொன்னார். "யார் யாரோ வாய்க்கெல்லாம் யார் யாரோ பேசியிருக்காங்க. சொந்த வாய் கூட சண்ட போடுறவர இன்னிக்குத்தான் பாக்குறேன்."

உணவு இடைவேளையில் நான் தனியாக உட்கார்ந்து, மூன்றாவது லூப்பை ஒலி இல்லாமல் ஓட்டினேன். வகுப்பில் சொல்லிக்கொடுத்த முறை: காதை மூடு, வாயை மட்டும் பார், நேரத்தை எழுது. எழுதினேன். அப்பாவின் வாய் மூன்று வார்த்தை பேசுகிறது. மூடிக்கொள்கிறது. மூக்கு விடைக்கிறது. அரை நொடி. தொண்டை ஒரு முறை விழுங்குகிறது. பிறகு கடைசி வார்த்தை. ஒவ்வொரு வாக்கியத்திலும் இதேதான். வீட்டில் அப்பா இப்படிப் பேச மாட்டார்; ஒரே மூச்சில் கொட்டுவார். இது யாருடைய மூச்சு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் தப்பாக இருக்கலாம் என்று சந்தேகம். பழைய படம் ஒன்றிலிருந்து மாமாவின் குரலை மட்டும் எடுத்துக் கேட்டேன். மூன்று வார்த்தை, மூக்கில் மூச்சு, விழுங்கல், கடைசி வார்த்தை. மாமாவுக்கு மூக்குத்தண்டு வளைந்திருக்கிறது. அதனால் வந்த பழக்கம்.

டப்பிங் வேறொருவர் பேசும் நடிகர்கள் படப்பிடிப்பில் வாயை ஏனோதானோ என்று அசைப்பார்கள். அப்பா அப்படிச் செய்ததே இல்லை. மாமா பேச வசதியாக, மாமாவுக்கு மூச்சு வாங்க இடம் விட்டு, இருபத்திரண்டு வருடம் அசைத்துப் பழகியிருக்கிறார். தானே பேசப்போகிற படத்திலும் அதே இடத்தை விட்டிருக்கிறார். தனக்குத் தேவையில்லாத இடம்.

சொல்வதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் தயங்கினேன். பிறகு அப்பாவைக் கூப்பிட்டு இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிக் காட்டினேன். அவர் நின்றுகொண்டே பார்த்தார். மூன்றாவது முறை ஓட்டும்போது அவருடைய கை மெல்ல மேலே போய்த் தன் மூக்கைத் தொட்டது.

"ஷூட்டிங்ல நான் மட்டும்தானேம்மா இருந்தேன்" என்றார். "அவன் எங்க வந்தான்?"

எனக்கு அப்போது அப்பாமீது இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை. அந்த அரை நொடியை அவர் எவ்வளவு கவனமாகக் காப்பாற்றி வைத்திருந்தார். என்னைப் பற்றி அரை நொடியளவுக்கு ஏதாவது அவருடைய உடம்பில் இருக்குமா என்று யோசித்தேன்.

மாலை ஆறு மணிக்கு இயக்குநர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் ஒன்றும் சொல்வதற்கு முன்னால் அப்பாவே, "கூப்பிடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டார். நான் வகுப்புக்குப் போகவில்லை.

மறுநாள் மாமா வந்தார். அப்பா வரமாட்டார் என்று நினைத்தேன். எட்டரைக்கே வந்து கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருடத்தில் மாமா டப்பிங் பேசுவதை அவர் நேரில் பார்த்ததே இல்லை. எதற்கு வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. மாமா தப்பு பண்ணுவார் என்ற நம்பிக்கைதான் என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

முதல் லூப், ஒரே டேக். இரண்டாவது, ஒரே டேக். மூன்றாவதில் மாமா கொஞ்சம் இருமினார்; அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டாவது டேக்கில் சரியாகிவிட்டது. குரல் அப்படியே அந்த வாய்க்குள் போய் உட்கார்ந்தது. ரெக்கார்டிங் அண்ணன் பழக்கதோஷத்தில் "அடடா" என்று சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

அப்பா திரையைப் பார்க்கவில்லை. கண்ணாடி வழியாக மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அந்தத் தபால் ஆபீஸ் முகம் இல்லை. மேலுதடு ஏறி, இல்லாத பல் வெளியே நிற்பதுபோல் விரிந்து, இடது புருவம் மட்டும் தனியாகத் தூக்கிக்கொண்டு நின்றது.

"அது என் புருவம்" என்றார் அப்பா.

இடைவேளையில் மாமா வெளியே வந்ததும் அப்பா முதலில் கேட்டதே அதுதான். "புருவத்த எப்பலேர்ந்து தூக்குற தம்பி?"

மாமாவுக்குக் கூச்சமாகிவிட்டது. "மூஞ்சி வந்தாத்தான் அண்ணே குரல் வருது. கண்ணாடி முன்னாடி நின்னு பழகினேன். ஒரு வருஷம் ஆச்சு அந்தப் புருவம் தனியா எந்திரிக்க. வீட்டுல பாத்தா சிரிக்கிறாங்க." பிறகு, "எனக்கு இது தேவையே இல்ல, பாருங்க. யாரு பாக்கப் போறா" என்றார்.

மாமா தண்ணீர் குடிக்கப் போனதும் அப்பா என் பக்கம் சாய்ந்து, "நல்லாவே வருதே அவனுக்கு" என்றார். பல் வலிக்காரர் பேசுவதுபோல இருந்தது.

பகலுக்குள் எல்லாம் முடிந்துவிடும்போல் இருந்தது. அப்பாவின் முகம் செத்துப்போயிருந்தது. கடைசி லூப் மட்டும் பாக்கி. என் குறிப்பேட்டில் அதற்கு நேராக 'முதுகு' என்று எழுதியிருந்தேன். காப்பாளர் அறைவாசலில் முதுகைக் காட்டி நிற்கிறார். அவரைத் தாண்டி, கட்டிலில் ஒரு சிறுமி. வாய் தெரியாது. வாய் தெரியாவிட்டால் யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் பேசலாம், வசனத்தையே மாற்றலாம். இது தியேட்டரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனாலும் குறிப்பெழுதுகிறவள் இயக்குநரிடம் சொல்லலாமா என்று மூன்று தடவை பேனாவை மூடித் திறந்தேன்.

"சார், இந்த லூப்புக்கு வாயசைப்பு இல்ல. அப்பா ஒரு தடவ பேசிப் பாக்கட்டுமா?"

இயக்குநர் அப்பாவைப் பார்த்தார். அப்பா அதற்குள் எழுந்துவிட்டார்.

எழுதியிருந்த வசனம், "நீ தூங்குற வரைக்கும்தான் நான் மனுஷன்." அப்பா அதை மாமாவைப்போலக் கரகரவென்று இழுத்துச் சொன்னார். கோழிக்குத் தொண்டை கட்டியதுபோல இருந்தது. இரண்டாவது டேக் இன்னும் மோசம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்திருந்த மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது டேக்கிலும் அப்பா நடுவில் நிறுத்தி, மூக்கால் மூச்சு வாங்கினார்.

நான் பேசும் பொத்தானை அழுத்தினேன். "அப்பா, இந்த வசனத்த விடுங்க. வீட்டுல சுவிட்ச் பக்கத்துல நின்னு சொல்வீங்கல்ல, அதச் சொல்லுங்க."

"எதும்மா?"

ஞாபகம் இல்லை. அவருக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை. என் வரியை எல்லோர் முன்னாலும் நானே அவருக்கு எடுத்துக் கொடுக்கவேண்டியிருந்தது.

அப்பா மைக்கிலிருந்து ஓரடி தள்ளி நின்றார். சுவரைப் பார்த்தார், அங்கே சுவிட்ச் இருப்பதுபோல. "விளக்க அணைச்சிட்டுப் படும்மா" என்றார். ஒரே மூச்சு. "நான் இங்கதான் இருக்கேன்."

திரையில் அந்தச் சிறுமியின் கை சுவிட்சை நோக்கிப் போனது. ரெக்கார்டிங் அண்ணன் மயிர் சிலிர்த்த தன் முன்கையைத் தடவி விட்டுக்கொண்டார்.

முதலில் பேசியது மாமா. "இத நானும் ஒரு டேக் சொல்லிப் பாக்கட்டுமா?" குரல் வழக்கத்தைவிட மெலிந்திருந்தது. அறுநூறு படம் பேசியவர், ஒரு வரிக்காகக் கையேந்துகிறவர்போலக் கேட்டார். இயக்குநர் தலையாட்டினார். மாமா உள்ளே போய் மூன்று டேக் பேசினார். மூன்றிலும் தியேட்டரின் தரை அதிர்ந்தது. அப்பா என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிளாஸ்டிக் கிறீச்சிட்டது.

இயக்குநர் இரண்டையும் மாற்றி மாற்றி ஐந்து முறை கேட்டார். பிறகு மாமாவிடம் திரும்பினார். "சார், நீங்க சொன்னா பேய் சொல்ற மாதிரி இருக்கு. அவர் சொன்னா எங்க அப்பா சொல்ற மாதிரி இருக்கு. எனக்கு இனிமே எங்க அப்பாகிட்டப் பயமில்லாமப் பேச முடியுமான்னு தெரியல. அவரோடதையே வெச்சுக்கிறேன்."

நான் எழுதினேன்: கடைசி லூப், டேக் நான்கு, சரி. ஐம்பத்தெட்டாவது படத்தில் அப்பாவின் சொந்தக் குரல், நான்கு நொடி.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "நல்லா இருந்துச்சு அண்ணே" என்றார். போகும்போது வாசலில் என்னிடம் மட்டும், "அந்த ஒண்ண எனக்குக் குடுத்திருக்கலாம் பாப்பா" என்றார்.

அது நடந்து பதினெட்டு நாள் ஆகிறது. இன்று ஞாயிற்றுக்கிழமை. எனக்குத் தலைவலி. மதியம் சன்னலைச் சாத்திவிட்டு, குழல் விளக்கை அணைக்காமல் படுத்திருந்தேன். அப்பா அந்தப் பக்கமாகப் போனவர் வாசலில் நின்றார்.

"விளக்க அணைச்சிட்டுப் படும்மா."

கை சுவிட்சுக்குப் போகவில்லை. எனக்கு இருபத்துமூன்று வயது. அவர் என் அப்பா. வெளியே நல்ல வெயில். ஆனாலும் முதுகில் ஏதோ ஊர்ந்தது. போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடினேன். அடுத்த வரியைச் சொல்லிவிடக் கூடாதே என்று இருந்தது.

அப்பா சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். இவ்வளவு நேரம் அவர் என்னைப் பார்த்து எனக்கு நினைவில்லை. பிறகு அந்த இரண்டு பற்களும் தெரியச் சிரித்து, உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"பயந்துட்டியா?"

தலையாட்டினேன்.

"நெஜமாவா?"

"ஆமாப்பா."

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். என் கையைப் பிடித்துக்கொண்டார். ஏதோ எனக்காகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"நாளைக்கு தியேட்டர்ல அவனப் பாத்தா" என்றார், குரலைத் தாழ்த்தி, "இதச் சொல்லும்மா. நான் சொல்லச் சொன்னேன்னு சொல்லாத. நீயா சொல்ற மாதிரி சொல்லு."